மூட்டைக்கு ஒரு கைப்பிடி

ஏலக்காய் லாரி கொச்சிக்கு இறங்கிய மறுநாள் சுஹைனா போடிமெட்டுக் கிடங்கைப் பூட்ட வந்தாள். மூட்டை தைக்கும் குருவம்மாள் உட்காரும் மூலையில் போன வருஷத்துச் சாக்கு ஒன்று வாய் திறந்து நின்றது. பாதி காலி.

"குருவக்கா, இதுல இருந்த காய் எங்கீங்க?"

"மூட்டைக்கு ஒரு கைப்பிடி மேலாப்புல போட்டுத்தான தைப்போம். பழசு தொட்டாத்தான் புதுசு நெலைக்கும். ஒங்க அத்தா காலத்துலருந்து அப்படித்தானம்மா."

சுஹைனா சாக்குக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தச் சாக்கு, ஹாம்பர்க் துறைமுகத்தில் போன வருஷம் பரிசோதனையில் தோற்ற சரக்கின் மிச்சம். பூச்சிமருந்து அளவு மீறியதென்று அங்கேயே எரித்துவிட்டார்கள். இன்னொரு முறை தவறினால் ஒப்பந்தம் ரத்து, நஷ்டஈட்டு வழக்கு லண்டன் நடுவர் மன்றத்தில் என்று வாங்குகிறவர் இந்த முறை எழுதி வாங்கியிருந்தார். அதனால்தான் மருந்தடிக்காத தோட்டங்களாகத் தேடி வாங்கினாள். பரிசோதனைக்கு மாதிரி எடுத்தது மூட்டை கட்டும் முன், குவியலிலிருந்து. சான்றிதழில் ஒரு குறையுமில்லை. ஆனால் அங்கே மாதிரி எடுக்கும் குத்தூசி இறங்கப்போவது மூட்டையின் வாயில்.

"ஒரு கைப்பிடி. அதையா வெள்ளக்காரன் கண்டுபிடிக்கப் போறான்?"

"அவங்க தேடறதே அந்தக் கைப்பிடியத்தானுங்கக்கா."

கொச்சியில் துறைமுக வேலைகளைப் பார்க்கும் மலையாளி பின்சியைப் போனில் கூப்பிட்டாள். பின்னால் கிரேன் இரைந்தது.

"கன்டெய்னர் பெட்டி கப்பல்ல ஏறிடுச்சா?"

"இல்ல இத்தா, வரிசையில நிக்குது. சாயங்காலம் கப்பல்."

"நிறுத்துங்க."

"இன்னைக்கு லாஸ்ட் டேட்டாக்கும். இந்தக் கப்பல விட்டா ஒப்பந்தத்த மீறினது நீங்கதான்னு ஆயிடும். காரணம் என்ன சொல்லட்டும்?"

வாசலில் மூடுபனி பாதையை விழுங்கிக்கொண்டிருந்தது. பேசாமல் விட்டால், இன்னும் ஒரு மாதம் கப்பல் கடலில் இருக்கும். தப்பினாலும் தப்பலாம். அந்த 'லாம்' நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. மாட்டினால், தெரிந்தே அனுப்பினாள் என்றாகும். பிறகு எந்த நாட்டிலும் அவள் கையிலிருந்து ஒரு காய் வாங்க மாட்டார்கள்.

"காரணத்த நானே அவங்ககிட்டச் சொல்லிக்கறேன். பெட்டிய வரிசையிலருந்து எடுத்துடுங்க."

ஹாம்பர்க் எண்ணைத் தேடினாள். குருவம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, அந்தப் பாதிச் சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்துத் தைக்கத் தொடங்கினாள்.

மறுமுனையில் மணி அடித்தது.