விதை இல்லாத சரக்கு

மகனின் மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்த கஞ்சாப் பொட்டலத்தைப் பழைய காலண்டர் அட்டையில் கொட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, விதை தேடிக்கொண்டிருந்தார் கரண்ட்காரர். ஊரில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு விதைகூட இல்லை. அவருடைய இருபது வயதில் பொட்டலத்தைப் பிரித்தால் காம்பும் சருகும் விதையுமாகத்தான் இருக்கும். பற்றவைத்தால் விதை படபடவென்று வெடித்துச் சட்டையில் ஓட்டை போடும். இதுவோ உருண்டு திரண்டு, விரலில் பிசின் மாதிரி ஒட்டியது. அவருக்கே உள்ளுக்குள் சின்ன உறுத்தல்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் மகனை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக கரண்ட்காரரின் மனைவி நேரம் வாங்கியிருந்தாள். ஆறு மாதமாக அவன் கல்லூரிக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுத்துக் கிடந்தான். "அப்பா சரின்னு சொன்னா வரேன்" என்று மட்டும் சொல்லியிருந்தான். அப்பாவோ பிடித்த பிடியை விடுவதாயில்லை.

"நாங்க குடிக்காததா? நாலு பேரு சேந்து இழுப்போம், கெக்கபிக்கேன்னு சிரிப்போம், நல்லா சாப்பிட்டுத் தூங்குவோம். எனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

"அது உங்க காலத்துச் சரக்கு. இது வேற, வீரியம் ஜாஸ்தின்னு சொல்றாங்கல்ல."

"கஞ்சா கஞ்சாதான்டி. இது என்ன வானத்துலருந்தா குதிச்சுது? டாக்டர்கிட்ட ஒரு தடவ போனா போதும், பையனுக்குக் கிறுக்குன்னு முத்திர குத்திருவாங்க. நாளைக்கு எவன் வேல குடுப்பான்?"

"அப்ப நீங்களே இழுத்துப் பாத்துச் சொல்லுங்க."

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மனுஷன் அட்டையோடு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார்.

வாழ்நாளெல்லாம் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு ஒயரைக்கூடத் தொடாதவர். இதில் மட்டும் அந்த யோசனை வரவில்லை. பழைய கணக்கிலேயே தடிமனாகச் சுருட்டி, நெஞ்சு நிறைய இழுத்தார். நாலாவது இழுப்புக்குச் சிரிப்பு வருமென்று காத்திருந்தார். நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டதுதான் மிச்சம். தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்குள் யாரோ கிசுகிசுத்தார்கள். அவர் பெயரைத்தான் சொன்னார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பியதும், தன்னைக் கண்காணிக்கத்தான் திரும்பினாள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. தொட்டிக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார். ஐயோ, பயம் என்றால் அப்படியொரு பயம்.

வாடை பிடித்துத்தான் மகன் மேலே வந்திருக்க வேண்டும்.

"அப்பா, ஒண்ணுமில்லப்பா. மூச்ச மெதுவா விடுங்க."

"குழாய்க்குள்ள பேசறாங்கடா."

அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "தெரியும்ப்பா. அப்படித்தான் கேக்கும். அங்க யாருமில்ல. கொஞ்ச நேரத்துல நின்னுரும்."

"உனக்கும் நின்னுருமா?"

மகன் கொடியில் கிடந்த துணிகளையே பார்த்தான். "குடிக்காத நாள்லயும் கேக்குதுப்பா."

கரண்ட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பயத்தோடுதான் பிள்ளை ஆறு மாதம் அறைக்குள் கிடந்திருக்கிறான். தினமும் வாசலில் நின்று சோம்பேறி என்று திட்டியது அவர்தான்.

"போலாம்டா," என்றார். "டாக்டர்கிட்ட போலாம். நானும் வரேன்."

சட்டைப் பொத்தானைக்கூட மகன்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. வாடகைக் காரில் மனைவி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். திட்டுவதற்கு நிறைய இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாள்.

மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண், கண் சிவந்து சுவரைப் பிடித்து நின்ற பெரியவரைப் பார்த்தாள். பக்கத்தில் தாடியோடு நின்ற இளைஞனையும் பார்த்தாள்.

"பேஷண்ட் யாருங்க?"

மகன் சட்டென்று அப்பாவை நோக்கிக் கை நீட்டினான். மாடியில் வராத சிரிப்பு கரண்ட்காரருக்கு இப்போது வந்தது. அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடங்கி, அவனுடைய நெஞ்சின்மேல் வந்து படிந்தது.