பேசாமல் இருந்த ஞாயிற்றுக்கிழமை

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலை அவளுக்கு. எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று பதினெட்டு வருஷமாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாதியைப் பதிவுசெய்து, நிலையத்திலும் வண்டிகளுக்குள்ளும் ஒலிக்கும்படி வைத்துவிட்டார்கள். அதனால் வேலை முடிந்து அவள் படியிறங்கும்போது அவள் குரலே மேலிருந்து அவளை வழியனுப்பும். கேட்டுக் கேட்டுப் புளித்து, அது வேறு யாரோ ஒருத்தியுடைய குரல் மாதிரி ஆகிவிட்டது.

சரி, வீட்டுக்கு வந்தாலாவது வாய்க்கு ஓய்வு உண்டா? அதுதான் இல்லை. கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்த கணவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்வை போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம். உள்ளே நுழைந்தால் "வந்துட்டேன்", வெளியே போனால் "போறேன்" என்று அவள் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனுஷர் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பார். ஒருமுறை அப்படி நடந்து, அவமானத்தில் அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இது போக, காபி சூடு, கதவு பாதி திறந்திருக்கு, நாற்காலி இடப்பக்கம் என்று வீட்டுக்கும் நாள் முழுக்க அறிவிப்பு. இப்படியே போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. பத்து நாள் வாயைத் திறக்காமல் எங்காவது கிடந்தால் போதும்.

ரயிலில் வரும்போது கைபேசியில் மௌன முகாம்களைத் தேடுவாள். கடற்கரையில் ஒன்று இருந்தது. அதில் மௌனத்தைவிட மசாஜைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தார்கள். மலைமேல் ஒன்று. பத்து நாள் பேச்சில்லை, புத்தகமில்லை, எதிரே வருபவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கக் கூடாது. மூடுபனிக்குள் ஒரு நீளக் கூடம், தரையில் வரிசையாக மெத்தைகள் என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். அந்தப் படத்துக்குள் அவள் எத்தனையோ தடவை போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு முறை இறங்க வேண்டிய நிலையத்தைக் கோட்டை விட்டாள், அதுவும் தன் குரலே அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது.

எல்லாவற்றையும் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். "தாராளமா போயிட்டு வா" என்று அவர் சட்டென்று சொல்லிவிட்டார். அந்த அவசரம்தான் அவளை உறுத்தியது. துணைக்கு வந்து இருக்கிறேன் என்று அவள் தங்கை சொன்னதற்கும், யாரும் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். இவரைத் தனியே விட்டுவிட்டுப் பத்து நாளா? மனசு கேட்கவில்லை. கடைசியில் ஊர் ஓரத்திலேயே மூன்று நாள் முகாம் ஒன்றைப் பார்த்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் போன் பேசலாம் என்றிருந்ததால், அதுவே போதும் என்று முடிவு செய்தாள்.

வருவதற்கு முன் வீட்டில் அரைநாள் பேசாமல் பழகுங்கள் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். உள்ளே வந்தால் மேஜையை அவள் ஒருமுறை தட்ட வேண்டும், வெளியே போனால் இரண்டு முறை. காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். கதவைத் திறந்தால் தூறல். கதவைச் சாத்திவிட்டுக் குடை எடுக்கத் திரும்பியவள், சோபாவில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். சன்னல் வழியே வந்த வெளிச்சம் பால் மாதிரி அறை முழுக்கப் பரவியிருந்தது. பேச வேண்டியதே இல்லை என்ற சுகத்தில் கண் செருகியது. திரும்பி வந்ததற்குத் தட்ட மறந்தே போனாள்.

கண் விழித்தபோது அவர் எதிரே நின்றார். வீட்டில் யாருமில்லை என்ற நினைப்பில், அவளுடைய நிலையத்துக் குரலிலேயே அறிவித்துக்கொண்டிருந்தார்.

"பயணிகள் கவனத்துக்கு. நாலு அடியில மேஜை. அப்புறம் ரெண்டரை அடியில அடுப்பு."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் கிடையாது, அதனால் எல்லாமே தெரிந்தது. அளந்து வைத்த மாதிரி அடியெடுத்துப் போய், காபிக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு கையில் கெட்டிலைத் தூக்கியவர், மறு கையால் கோப்பையைத் தேடினார். கோப்பையை அவள் கழுவி வலப்பக்கம் வைத்திருந்தாள். கெட்டில் சாய்ந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ‘வலப்பக்கம்’ என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. அவள் எழுந்தே விட்டாள். அதற்குள் அவர் கெட்டிலைக் கீழே வைத்து, புறங்கையால் சமையல் மேடை விளிம்பை நிதானமாகத் தடவிக்கொண்டே போய், கோப்பையைப் பிடித்துவிட்டார். கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை மடக்கி வைத்து, சிந்தாமல் ஊற்றினார்.

"முடியுது," என்றார் தனக்குத்தானே. பிறகு குரல் இறங்கியது. "முடிஞ்சுதான் ஆகணும். இல்லன்னா அவ போகமாட்டா. போகலன்னா என்னை வெறுத்துடுவா."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் போகலைங்க. இங்கதான் இருக்கேன்."

அவர் முகம் சுருங்கிப்போனது. எப்பலேர்ந்து என்று கேட்டார். ஆரம்பத்திலேர்ந்து என்றாள். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேஜையைத் தொட்டுக்கொண்டே கோப்பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எந்த முகாமுக்கு எழுதப் போகிறாய் என்று கேட்டார். மூன்று நாள் என்றாள்.

"அது வேண்டாம். மலைக்குப் போ. அதைப் படிச்சப்ப மட்டும்தான் உன் குரல் உன் குரலா இருந்துச்சு."

அவள் மறுத்துப் பார்த்தாள். அவர் விடவில்லை. எதிரே உட்காரவைத்து, மலை முகாமின் விண்ணப்பத்தை ஒவ்வொரு கேள்வியாக வாசிக்கச் சொன்னார். வயது, உடல்நலம், தூக்கம் எல்லாம் எழுதியாயிற்று. கடைசிக் கேள்விக்கு வந்ததும் அவள் தயங்கினாள். வீட்டில் உங்களை நம்பியே இருப்பவர் யாராவது உண்டா என்று கேட்டிருந்தது.

"யாரும் இல்லன்னு போடு."

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"கண்ணால பார்த்தேல்ல. அப்புறம் என்ன."

அவர் ஆறிப்போன காபியைக் குடித்தார். அவள் ‘இல்லை’ என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் இல்லாமல் தன்னால் பத்து நாள் இருக்க முடியுமா என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை.