இரண்டு விரல் கூடுதல்

எங்கள் தெருத் தையல்காரர் மூன்று மாதமாகத் துணி தைத்ததைவிட வேட்டைக் கதை தைத்ததுதான் அதிகம். மாமனார் காலமாகி, அவருடைய நாட்டுத் துப்பாக்கி மகளுக்கு, அதாவது இவர் மனைவிக்கு, வந்திருந்தது. "பொம்பளைக்கு எதுக்கு அது?" என்று லைசென்ஸ் விண்ணப்பத்தில் இவர் தன் பெயரை எழுதிவிட்டார். அதிகாரி ஒரே வார்த்தைதான் சொன்னார்: பத்திரமாகக் குழாயில் மருந்து கெட்டித்துச் சுட்டுக் காட்டினால் கையெழுத்து, இல்லையென்றால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

கல்குவாரியில் பாதித் தெரு கூடியது. நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன், அவ்வளவுதான். தையல்காரர் புது பெல்ட்டும் போட்டோக்காரருமாக வந்திருந்தார்.

குழாய்க்குள் அளவாக வெடிமருந்தை ஊற்றினார். மேலே அட்டையைத் திணித்துக் கம்பியால் குத்தினார். அங்கே நிறுத்தி, "சார், எங்க மாமனார் ஒரு தடவ பன்னியத் துரத்திக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். கதையில் பன்றி விழுவதற்குள் கை மறுபடி மருந்தை ஊற்றி, இன்னொரு அட்டையையும் திணித்துவிட்டது. பிறகு ஈய ரவை, அதன்மேல் அட்டை. கம்பியைக் குழாயிலேயே விட்டு, மீசையைத் தடவி, போட்டோவுக்கு நின்றார்.

"ஏங்க, ரெண்டு வாட்டி மருந்து போட்டுட்டீங்க" என்றாள் மனைவி.

"நீ போய் காஜா எடு."

"கம்பியில அப்பா என் நகப்பாலிஷால கோடு போட்டு வச்சிருக்காரு. ஒரு தடவ கெட்டிச்சா கோடு குழாய் வாய்க்கு நேரா நிக்கும். பாருங்க."

கோடு இரண்டு விரல் மேலே நின்றது. நாளெல்லாம் ஊரை அளவெடுக்கிற மனுஷர், "கம்பி நீண்டிருக்கும்" என்று சொல்லி, மருந்தைப் பற்றவைக்கிற பொட்டுக் கேப்பைக் கையில் எடுத்தார்.

அதிகாரி நாலடி பின்னால் போய் நின்றுகொண்டு, "கேப்பக் கீழ வைங்க" என்றார்.

அவள் துப்பாக்கியை வாங்கி, வாயை மண்மேட்டுப் பக்கமே வைத்துக் குழாயில் தண்ணீர் ஊற்றினாள். திருகுமுனைக் கம்பியால் எல்லாவற்றையும் வெளியே இழுத்தாள். துடைத்து, காயவிட்டு, புதிதாகக் கெட்டித்தாள். முகத்தை வாய்க்கு நேராகக் கொண்டுபோகவில்லை. கோடு நேராக நின்றதும் கம்பியை உருவினாள். கேப்பைக் கடைசியில்தான் வைத்தாள். வெடித்தது, மேட்டில் இருந்த டப்பா உருண்டது.

அதிகாரி விண்ணப்பத்தில் இருந்த பெயரை அடித்தார். "உங்க பேரச் சொல்லுங்கம்மா."

தையல்காரர் அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். கம்பியும் கோடும் அதில் அப்படியே தெரிகின்றன. ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போகிற ஒவ்வொருத்தியிடமும் அந்த இரண்டு விரலைக் காட்டிவிட்டுத்தான் நான் வீடு திரும்புகிறேன்.