அரை மில்லிமீட்டர் தள்ளி

நாத்தனாருக்கு இடது காதின் நரம்பை ஒட்டி ஒரு சின்னக் கட்டி. கத்தி வைக்காமல், பென்சில் முனை போன்ற மெல்லிய கதிரால் அதைச் சுடுவதாக ஏற்பாடு. இயந்திரம் படுத்துக்கொண்டதால் ஒருமுறை தேதி தள்ளிப்போயிருந்தது. நேற்றுதான் சரிசெய்தார்கள். கதிர் பழைய பலத்தோடு வருகிறதா என்று அளந்து சொல்வது அதே ஆஸ்பத்திரியில் அண்ணியின் வேலை. அவள் சொன்னால்தான் சிகிச்சை.

"சமையலுக்கு உப்பு அளக்கவே தெரியாது உங்களுக்கு. உங்ககிட்ட என் தலையைக் கொடுத்திருக்காங்க பாருங்க அண்ணி."

"வாயை மூடிட்டு உட்காரு. காதுதான் கேக்கல, வாயாவது ஓயட்டும்."

சிரித்துக்கொண்டேதான் அண்ணி உள்ளே போனாள். தண்ணீர்த் தொட்டிக்குள், கதிரை அளக்கும் அரிசிமணியளவு டிடெக்டர். கதிரை ஓடவிட்ட ஆபரேட்டர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், பத்து சதவீதம் குறையுது."

மறுபடியும் தேதி தள்ளிப்போனால், நாத்தனாருக்கு அந்தக் காதில் மிச்சமிருக்கும் கேள்வித்திறனும் போய்விடுமே என்று நினைத்தாள்.

"குறையற அளவுக்கு நேரத்தைக் கூட்டிடலாமா?" என்று கேட்டார் ஆபரேட்டர்.

"இந்த எண்ணே பொய்யா இருந்தா? பக்கத்துல மூளைத்தண்டு இருக்கு. கொஞ்சம் பொறுங்கண்ணே."

தொட்டியையே முறைத்துக்கொண்டு நின்றாள். சட்டென்று உறைத்தது. வெளியே உட்கார்ந்திருப்பவளை நினைத்து அவசரப்பட்டிருக்கிறாள். அகலமான கதிரை வைத்தே டிடெக்டரை நடுவில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு கதிரை மெல்லியதாக்கும் குழலை மாட்டியிருக்கிறாள். அகலமான கதிர் என்பது பெரிய குடை. அதற்குள் எங்கே நின்றாலும் ஒன்றுதான். இந்தக் கதிரிலோ ஒரு நூல் விலகினாலும் கொஞ்சம் வெளியே.

டிடெக்டரை இம்மி இம்மியாக நகர்த்தினாள். எண் ஏறியது. இன்னும் ஏறியது. அரை மில்லிமீட்டர் தாண்டியதும் இறங்கத் தொடங்கியது. உச்சிக்கே திருப்பி நிறுத்தினாள். குறுக்குவாட்டிலும் அப்படியே தேடிப்பிடித்தாள்.

"அட, பழைய அளவே வந்துடுச்சு!" என்றார் ஆபரேட்டர்.

நம்பாமல் வேறொரு டிடெக்டரை மாட்டியும் பார்த்தாள். அதுவும் அதையேதான் சொன்னது. இயந்திரம் தேறிவிட்டது, தவறு அவளுடையது. தன் தவறுக்கு யாராவது இவ்வளவு சந்தோஷப்படுவார்களா!

கதவைத் திறந்தாள். நாத்தனார் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். இந்த முறை கிண்டல் வரவில்லை.

"என்ன அண்ணி?"

"உப்பு சரியா இருக்கு. கம்மலைக் கழட்டு."

நாத்தனார் எப்போதோ கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தாள். வியர்வையில் ஈரமாகிவிட்ட கம்மல் இரண்டையும் அண்ணியின் கையில் திணித்துவிட்டு, முன்னால் நடந்தாள்.