பெரியம்மா ஆன நாள்

தங்கை வேலைக்காக வெளிநாடு போனபோது அவள் குழந்தைக்கு ஒன்பது மாதம். கணவனைப் பிரிந்திருந்தாள். “ஒரே வருஷம்க்கா, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள வந்துடுவேன்” என்று அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நாலு வருடம் ஓடிவிட்டது.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மூன்றாம் மாடியில் இரண்டே அறை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே குட்டி மெத்தை ஒன்று வந்தது, சுவரில் இடுப்பு உயரம் வரை கிரேயான் கிறுக்கல் வந்தது. குழந்தை அக்காவை ‘அம்மா’ என்றாள். கைபேசியில் வருபவளை ‘போன் அம்மா’ என்றாள். அதைத் திருத்த வேண்டும் என்று அக்கா நினைக்காத நாளில்லை. ஆனால் திருத்தவில்லை.

இப்போது தங்கை வந்துவிட்டாள், குழந்தையைக் கூட்டிப்போக. பத்து நாள் கூடவே இருந்தும் குழந்தை அவளிடம் ஒட்டவில்லை. மாலை விமானம். போகிற வழியில் ஒரு விரிகுடா இருந்தது.

“அங்க விளையாடட்டும். அவ மும்முரமா இருக்கும்போது நாம நைசா நழுவிடலாம். அவ அழுதா என்னால பாக்க முடியாது” என்றார் கணவர்.

நகரத்தை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. புதர்களுக்குள் மண்பாதை முடிந்த இடத்தில் வாடகைக் கார் நின்றது. கடை கண்ணி எதுவும் இல்லை, ஆளும் இல்லை. இரண்டு பக்கமும் குன்றுகள் அணைத்திருந்ததால் பெரிய அலையே வரவில்லை.

குழந்தை நண்டைத் துரத்தினாள். தண்ணீர் காலில் பட்டதும் மிரண்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடி வந்தாள். “அம்மா, தூக்கு!”

பக்கத்தில் தங்கையும் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அக்கா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அவங்ககிட்ட போடா கண்ணு. அவங்கதான் உன் அம்மா. நான் பெரியம்மா.”

குழந்தை சிரித்தாள். “பொய்! அப்போ அப்பா?”

“பெரியப்பா” என்றார் அவர், கடலைப் பார்த்தபடி.

குழந்தை கொஞ்சம் யோசித்தாள். “சரி. எவ்ளோ நேரம் வரைக்கும்?”

தங்கை குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். முதலில் குழந்தை வீறிட்டாள். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அக்கா வந்திருந்தாள். ஆனாலும் அந்தப் பக்கம் பார்க்காமல், குழந்தையின் செருப்பிலிருந்த மணலைத் தட்டத் தொடங்கினாள்.

விளையாடிக் களைத்துத் தங்கையின் தோளிலேயே குழந்தை தூங்கிப்போனாள். அக்கா ஈரத் துணியை மாற்றிவிட்டு, காரின் பின்சீட்டில் படுக்கவைத்தாள்.

“காய்ச்சல் வரப்போகுதுன்னா முதல்ல காது வலிக்குதுன்னுதான் சொல்வா. பால் ஆடை இருந்தா தொட மாட்டா. மிரட்டாத, கேட்டுக்குவா.”

“அக்கா, ஒரு தடவையாவது என்னைத் திட்டேன்.”

“எதுக்குடி? உன் பிள்ளை. எழுந்ததும் என்னைக் கேப்பா. வேலைக்குப் போயிருக்கேன்னு சொல்லாத. பொய் சொல்லி ஏமாத்த வேண்டாம்.”

தங்கையையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கார் புதர்களுக்குள் மறைந்து வெகு நேரம் கழித்தும் புழுதி அடங்கவில்லை.

“இனி லிஃப்ட்ல பட்டன் யாரு அமுக்குறதுன்னு அவகூட எனக்குச் சண்டையே இல்ல” என்றார் கணவர்.

அக்கா செருப்போடு தண்ணீருக்குள் போனாள். முழங்கால் ஆழத்தில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். குன்றுகளுக்கு நடுவே அந்தச் சத்தம் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. அவரும் சட்டை கால்சட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

தூரத்துச் சாலையில் பஸ் ஹாரன் கேட்டது.

“வீட்டுக்குப் போற பஸ் போயிடப்போகுது” என்றார்.

“போகட்டும்.”

அவர் எழுந்திருக்கவில்லை.