எட்டு முதுகுகள்

அன்று காலை டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு சிறிய தனியார் அருங்காட்சியகத்தின் மண்டபத்தில் நின்றவர்கள் இவ்வளவுதான்: தற்காலிகக் காவலாளி செல்வரட்ணம், துப்புரவு வேலைக்கு வரும் அருமைநாயகி, துணிக்கடையொன்று கழித்துவிட்ட எட்டுப் பொம்மைகள். பொறுப்பாளர் கிர்ஸ்டன் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பத்து மணிக்குத் திரும்பிவிடுவாள்.

புதிய கண்காட்சியில் இந்தப் பொம்மைகள்தான் அடிமைகள். முன்னூறு வருடங்களுக்கு முன் அமெரிக்கக் கரையில் வெள்ளைக்காரத் துரைமாரின் நெல் தோட்டங்களில் அறுவடை செய்தவர்கள். ஏழு தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம் தங்களுடையது என்று செல்வரட்ணம் கிர்ஸ்டனிடம் சொல்லியிருந்தார். அதனால் அவர்களை நிறுத்தி வைக்கும் பொறுப்பு அவர் தலையில். ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வீடு.

மன்னாரில் அவர் குடை பிடித்து வரம்பில் நின்றதுண்டு. சேற்றில் கால் வைத்ததில்லை. ஆகவே எட்டுப் பேரும் கையில் அரிவாளோடு விறைப்பாக நின்றார்கள்.

அருமைநாயகி தரை கூட்டும் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"அண்ணை, இவையள் நெல்லு வெட்டுகினமோ, பஸ்ஸுக்கு நிக்கினமோ?"

அவளுடைய தாய் இவருடைய தகப்பனை நயினார் என்றுதான் கூப்பிடுவாள். இந்த 'அண்ணை' டென்மார்க்கில் முளைத்தது. செல்வரட்ணம் அதை விழுங்கிக்கொண்டார்.

"உனக்கு வெட்டத் தெரியுமோ?"

"உங்கட வயலிலதானே பழகினது. பத்து வயசில அம்மாவுக்குப் பின்னால இறங்கினனான்."

அவள் பொம்மைகளை இடுப்போடு இரண்டாகக் கழற்றினாள். இடையில் துணியைச் சுருட்டி ஆப்பு வைத்து முன்னால் சாய்த்தாள். செல்வரட்ணம் ஒரு மேலுடலைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

"இடக் கையால கதிரைப் பிடிக்கோணும், அரிவாள் அடியில. முதுகு இப்பிடி. வரம்பில நிண்டா முதுகு மட்டும்தானே தெரியும், அதுகூடவா ஞாபகமில்லை?"

"எங்கட வீட்டில வேலையாள் ஒருத்தரையும் பட்டினி போட்டதில்லை."

"ஓம் அண்ணை. பட்டினி போட்டா அடுத்த நாள் ஆர் வெட்டுறது?"

பத்து மணிக்கு வந்த கிர்ஸ்டன் கை தட்டினாள். "பார்க்கவே என் இடுப்பு வலிக்கிறது! ஏழு தலைமுறை என்றால் சும்மாவா, செல்வரட்ணம்?"

அருமைநாயகி அவரைப் பார்த்தாள். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு டேனிஷில் நன்றி சொன்னார்.

அந்தக் கண்காட்சியோடு இருவருக்குமே நிரந்தர வேலை கிடைத்ததாக பக்கத்து நகரமான வைலேயின் தமிழர்களிடையே ஒரு கதை உலாவுகிறது. அப்படியொன்றும் இல்லை. நியமனம் செல்வரட்ணத்துக்கு மட்டும். அருமைநாயகி முன்போலவே மணிக்கணக்குக் கூலிக்குத்தான் வருகிறாள். எட்டு முதுகுகளையும் குனிந்து நின்று தூசி தட்டுகிறாள்.