புளியங்கொட்டைக் கணக்கு

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்புக்கு வந்த கமலவேணி டீச்சருக்குப் பிரம்பு பிடிக்காது. புளியங்கொட்டைகளை வைத்து வாய்ப்பாட்டை விளையாட்டாக்கினாள். பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தாள். ஒவ்வொரு குழுவிலும் கணக்கில் பின்தங்கியவள்தான் பதில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் குழுவுக்குக் கொட்டை. வெள்ளிக்கிழமை அதிகக் கொட்டை வைத்திருக்கும் குழு சீக்கிரமே வீட்டுக்குப் போகலாம். தெரிந்தவர்கள் தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்தாள்.

சொல்லித்தான் கொடுத்தார்கள். மில் தொழிலாளி பக்கிரியின் மகள் தையல்நாயகி, மூன்றாம் வாய்ப்பாட்டையே தாண்டாதவள், இப்போது ஏழாம் வாய்ப்பாட்டை மளமளவென்று ஒப்பித்தாள். கமலவேணிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் தையல்நாயகி கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினாள். சட்டைக் கை மேலே ஏறியது. தோள்வரை நகக்குறிகள். சிலவற்றில் சீழ் கட்டியிருந்தது.

"யார்டி பண்ணது?"

அவள் குழுத் தலைவி அஞ்சலாட்சி எழுந்தாள். முகத்தில் பயமே இல்லை. "நாங்கதான் டீச்சர். தப்பா சொன்னா ஆளுக்கொரு கிள்ளு. அவளுக்கு வந்தாதான் கொட்டைன்னு நீங்கதான சொன்னீங்க?"

அன்றே கமலவேணி விளையாட்டை நிறுத்தினாள். தையல்நாயகியால்தான் விளையாட்டு போயிற்று என்று சாப்பாட்டு நேரத்தில் அவளை யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை. கமலவேணி அவளைத் தன்னருகே உட்காரவைத்துக்கொண்டாள்.

"ஏழெட்டு எவ்வளவும்மா?"

தையல்நாயகி கையை நீட்டினாள்.

"எதுக்குடி?"

"கிள்ளுங்க டீச்சர். அப்பதான் வரும்."

கமலவேணி அந்தக் கையை மெல்ல மடக்கி அவள் மடியிலேயே வைத்தாள். திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. தலைமையாசிரியை ராஜாம்பாள் கூப்பிட்டனுப்பினார். "புளியங்கொட்டை வெளையாட்டு காட்டுறோம்னு சொல்லிட்டேன். பழையபடி உக்கார வையி."

"அந்தப் பொண்ணு கைய நீங்க பாக்கல டீச்சர்."

"முழுக்கை சட்ட போட்டு வரச் சொல்லு."

கமலவேணி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சரி என்று தலையாட்டினாள்.

இன்ஸ்பெக்டர் முன்னால் தையல்நாயகி எழுந்து நின்றாள். அவர் ஏழெட்டு கேட்டார். அவள் அஞ்சலாட்சியைப் பார்த்தாள். பிறகு சட்டைக்கு மேலேயே தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"அம்பத்தாறு."

"அடியில்லாம கணக்கு! இத எல்லா ஸ்கூல்லயும் செய்யச் சொல்லணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வகுப்பு கைதட்டியது. கமலவேணியும் தட்டினாள்.